பஸ்தியானுக்கு ஐந்து பொத்தான் போதும்

கற்பிட்டிக் கடலில் பதினேழு வருடம் கடலட்டை பிடித்த சுழியோடி பஸ்தியான். கலங்கிய தண்ணீரில் கண் தெரியாத ஆழத்திலும், தடவிப் பார்த்தே எது அட்டை எது கல் என்று சொல்லிவிடுவான். அப்படிப்பட்ட விரல்கள். மூன்று வருடத்துக்கு முன்பு சிலிண்டரில் காற்று முடிந்து அவசரமாக மேலே வந்ததில், இரத்தத்தில் காற்றுக் குமிழி ஏறிவிட்டது. இடுப்புக்குக் கீழே செயலில்லை. இடது கை மடியில் கிடக்கும். வலது கை அசையும். விரல் நுனிகளில்தான் உணர்வே இல்லை.

மனைவி டயனா காலை ஆறு மணிக்குக் கருவாடு காயப்போடும் வாடிக்கு வேலைக்குப் போனால் இரண்டு மணிக்குத்தான் வருவாள். அந்த எட்டு மணித்தியாலமும் பஸ்தியானுக்குக் கட்டிலும் சன்னலும் தொலைக்காட்சியும்தான். சன்னலைச் சாத்த ஆள் வேண்டும். தண்ணீர்ப் போத்தலைத் திறக்க ஆள் வேண்டும். தொலைக்காட்சியைப் போடவும் நிறுத்தவும் மட்டும் எவரையும் கூப்பிடத் தேவையில்லை. அந்த ஒரு வேலைதான் அவனுடைய சொந்த வேலையாக மிஞ்சியிருந்தது.

முதலில் தொலைக்காட்சிக்கு ஒன்று, டிஷ் பெட்டிக்கு ஒன்று, ஒலிப்பெட்டிக்கு ஒன்று என்று மூன்று ரிமோட் இருந்தன. மூன்றும் மாறி மாறிக் கட்டிலிலிருந்து விழுந்தன. அதனால் டயனா கற்பிட்டி டவுனில், எல்லாரும் அண்ணன் முறை வைத்து ‘நானா’ என்று கூப்பிடும் அபூசாலியின் மின்சாமான் கடைக்குப் போய், மூன்றுக்கும் சேர்த்து ஒரே ரிமோட் வாங்கி வந்தாள். நல்ல மனதோடு வாங்கியதுதான். ஆனால் அதைச் செய்தவனுக்கு மனிதக் கை எப்படியிருக்கும் என்று தெரியுமா என்பது சந்தேகம். நாற்பத்தெட்டுப் பொத்தான், எல்லாம் பருப்பளவு. உச்சியில் உள்ள மூன்றில் எதில் விரல் பட்டாலும், அந்த நிமிடத்திலிருந்து ரிமோட் முழுவதும் வேறொரு பெட்டிக்கு வேலை செய்யத் தொடங்கிவிடும். இப்போது எந்தப் பெட்டிக்கு என்று அது சொல்லாது. சிவப்பு வெளிச்சம் ஒரு தரம் சிமிட்டிவிட்டு அணைந்துவிடும்.

பக்கத்து வீட்டு நிலுக்சனின் தகப்பன் இறந்து, பிரேதம் வீட்டில் இருந்த அன்றுதான் அது நடந்தது. செபமாலைச் சத்தம் வேலிக்கு அப்பாலிருந்து கேட்டதும், மரியாதைக்காகத் தொலைக்காட்சியை நிறுத்தப் போனான் பஸ்தியான். விரல் எங்கேயோ பட்டது. படம் நின்றபாடில்லை. சத்தத்தையாவது குறைப்போம் என்று அழுத்தினான். ஒலிப்பெட்டி உறுமத் தொடங்கியது. அழுத்த அழுத்தக் கூடியது. ஆடவைக்கும் பைலாப் பாட்டு ஊர் முழுக்கக் கேட்டது. வயரை இழுக்கலாம் என்றால், பிளக் அலுமாரிக்குப் பின்னால். கூப்பிட்டுப் பார்த்தான், அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை.

கால் மணித்தியாலத்துக்குப் பிறகு நிலுக்சன் அழுத கண்ணோடு உள்ளே வந்து வயரைப் பிடுங்கினான். டயனா வந்ததும் அவளிடம் சொன்னான்.

“ஏலாத மனிசன்ட கையில இதென்னத்துக்குக்கா? வேலைக்குப் போகக்குள்ள அலுமாரிக்கு மேல வச்சிட்டுப் போங்க.”

வெட்கம் தாங்காமல் டயனா அப்படியே செய்தாள். தகப்பனைப் பறிகொடுத்தவனுடைய கோபத்தைப் பஸ்தியான் குறை சொல்லவில்லை. ஆனால் வந்தவர் போனவர் எல்லாரும் அவனுடைய விரலைத்தான் குறை சொன்னார்கள். ரிமோட்டைப் பற்றி ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. அது அலுமாரியின் மேல், செய்த குற்றம் ஒன்றுமில்லாததுபோல் படுத்திருந்தது. டயனா காலையில் போட்டுவிட்டுப் போன சானலையே அவன் இரண்டு மணிவரை பார்த்தான்: ராசிபலன், முகப்பூச்சு விளம்பரம், மறுபடி ராசிபலன்.

மூன்றாம் நாள், ஆணியில் தொங்கிய தன் சுழியோடும் ரப்பர்க் கையுறையை எடுத்துத் தரச் சொன்னான். தம்பி றொபியின் ஆட்டோவில் அபூசாலியின் கடைக்குப் போனான். றொபி அவனைத் தூக்கிக் கதிரையில் இருத்தினான்.

அபூசாலி ரிமோட்டை வாங்கி, கடையிலிருந்த பெட்டிகளுக்கு அதைச் சரிசெய்து, ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினார். எல்லாம் வேலை செய்தன.

“சாமான்ல பிழையில்ல தம்பி. பாவிக்கத் தெரியோணும்.”

பஸ்தியான் கையுறையை நீட்டினான். “இதைப் போடுங்க நானா. என்ட விரல் எந்நேரமும் இதுக்குள்ளதான் இருக்குது. மற்றக் கையப் பின்னால வச்சிக்கொண்டு, சத்தத்தக் குறையுங்க பாப்பம்.”

அபூசாலி சிரித்துக்கொண்டே போட்டுக்கொண்டார். தடித்த பெருவிரல் ஒரே நேரத்தில் மூன்று பொத்தானை அமுக்கியது. படம் போய்த் திரை நீலமாயிற்று. இன்னொரு தரம் அமுக்கினார். ஒலிப்பெட்டி அலறியது. பல்ப் வாங்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவருடைய மற்றக் கை தானாக முன்னால் வந்தது.

“அந்தக் கை இல்ல, நானா,” என்றான் பஸ்தியான்.

வேறு வழியில்லாமல் அபூசாலி எட்டி வயரைப் பிடுங்கினார். அதுவும் தனக்கு முடியாது என்று பஸ்தியான் நினைவூட்டினான். அவர் கையுறையைக் கழற்றினார். காசைத் திருப்பித் தருகிறேன் என்றார். பஸ்தியான் வேண்டாம் என்றான்.

“எனக்கு அஞ்சு பட்டன் போதும். போடுறதுக்கும் நிப்பாட்டுறதுக்கும் ஒண்டு, சத்தத்துக்கு ரெண்டு, சானலுக்கு ரெண்டு. மிச்சத்தச் சாகடிங்க.”

ஒலிப்பெட்டி வேண்டாம், டிஷ் பெட்டியோடு மட்டும் நிற்கட்டும், அதை நிறுத்தினாலே படமும் சத்தமும் போய்விடும் என்று அபூசாலி யோசித்துச் சொன்னார். பிறகு ரிமோட்டைத் திறந்து, நாற்பத்து மூன்று பொத்தானுக்கும் கீழே டேப் துண்டு துண்டாக வெட்டி ஒட்டினார். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. பஸ்தியான் வாங்கி, கண்டபடி அமுக்கிப் பார்த்தான். பிழையான இடத்தில் பட்டால் ஒன்றுமே நடக்கவில்லை. அவனுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

மறுநாள் வேலைக்குப் புறப்பட்ட டயனா, பழக்கத்தில் அதை அலுமாரியின் பக்கம் கொண்டுபோனாள். பஸ்தியான் கையை நீட்டினான். அவள் திரும்பி வந்தாள். பிறகு அவன் கையில் வைத்துவிட்டுப் போனாள்.

ஏழாம் நாள் செபத்துக்கு நிலுக்சன் வீட்டில் ஆட்கள் கூடினார்கள். முதல் மன்றாட்டுக் கேட்டதும் பஸ்தியான் அமுக்கினான். முதல் தரம் படவில்லை. இரண்டாம் தரமும் இல்லை. மூன்றாவதில் வீடு அமைதியாயிற்று. வேலிக்கு அப்பால் ஒருவருக்கும் அது தெரியாது.

டயனா வந்ததும் நடந்ததைச் சொன்னான். நல்லது என்றாள் அவள். ஆனால் ரிமோட்டைச் செய்தவன் மேல் அவனுக்கிருந்த கோபம் ஆறவில்லை. ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“நாப்பத்து மூண்டு,” என்றான். “இவ்வளவத்தையும் ஆரக் கேட்டு வச்சவன்?”