புழு சாட்சி சொன்ன கத்திரிக்காய்

மார்கழித் திருவாதிரைக்கு எங்கள் வீட்டில் களியும், ஏழு காய் போட்ட தாளகக் குழம்பும் சுவாமிக்கு நைவேத்தியம். ஏழும் நாட்டுக் காயாக இருக்க வேண்டும். காரட், பீன்ஸ், முட்டைக்கோஸ் எல்லாம் எங்கள் தெருவில் இன்றைக்கும் ‘இங்கிலீஷ் காய்’தான், சுவாமி பக்கம் போகாது.

அந்த வருஷம் திருவாதிரைக்கு முந்தின நாள், ஆத்துக்காரர் மலையாளப் பேப்பரும் கையுமாக அடுக்களைக்கு வந்தார்.

“கேட்டியோ, பி.டி. கத்திரிக்காய்னு ஒண்ணு வரப்போறதாம்.”

எனக்குத் தெரிந்த பி.டி. பள்ளிக்கூடத்து டிரில் வகுப்புதான். “கத்திரிக்காய்க்கு எதுக்குன்னா டிரில்?” என்றேன்.

“போடி அசடே! மண்ணுல இருக்கிற ஏதோ கிருமியோட ஜீனைக் கத்திரிக்காய்க்குள்ள வெக்கறாளாம். அப்புறம் புழுவே அண்டாதாம். கிருமின்னா உயிர்தானே? அப்போ அது மரக்கறியா, மாம்சமா? அதைச் சுவாமிக்கு வெப்பியோ?”

வரப்போறது என்றால், இதற்குள் கடைக்கு வந்தே விட்டதோ என்னமோ! கத்திரியை விட்டால் ஆறு காய்; இரட்டைப்படை ஆகாது.

“ஒரு காரட்டைப் போட்டுடேன்.”

“இங்கிலீஷ் காயா? அதுக்கு உங்க டிரில் கத்திரிக்காயே தேவலை!”

வேறு நாட்டுக் காய் கிடைக்காமல் இல்லை. ஆனால் கத்திரிக்காய் இல்லாத தாளகத்தை முதலில் ஒதுக்கிவைப்பவர் இவர்தான்.

பையை எடுத்துக்கொண்டு சாலைக் கடைத்தெருவுக்கு நடந்தேன். வழியெல்லாம் நாம ஜபம். பகவான்தான் புத்தியைக் கொடுத்தான்: புழு அண்டாததுதானே பி.டி.? அப்படியானால் புழு இருப்பது நல்ல காய்!

வாடிக்கையாகக் காய் தருகிறவள் நாகர்கோவில் பக்கத்துக்காரி. “புழு இருக்கிற கத்திரிக்காய் இருந்தா குடு” என்றேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “என்ன மாமி, கேலி பண்ணவா வந்திய? இத்தன வருசமா ஒவ்வொண்ணா உருட்டிப் பாத்து, ஊசி முன ஓட்டைக்கு என் மானத்த வாங்கினது நீங்கதான?”

விஷயத்தைச் சொன்னேன். வயிறு குலுங்கச் சிரித்தாள்.

“அதொண்ணும் இங்க வரல்ல மாமி. இது பக்கத்துல பாறசாலத் தோட்டத்துக் காயி. சரி, புழுதான வேணும்?” என்று கூடையின் அடியைக் கிளறி, ஓட்டை விழுந்த ஒன்றைப் பிளந்து நீட்டினாள். உள்ளே ஒருவன் சுகமாக நெளிந்துகொண்டிருந்தான். “பாருங்க, சாட்சிக்காரன்!”

அங்கேதான் அடுத்த சங்கடம். புழு இருந்தால் நைவேத்தியத்துக்கு ஆகாது, இல்லாவிட்டால் சந்தேகம்.

“இதே கூடையிலேர்ந்து நல்லதாப் பொறுக்கிக் குடு. இவனையும் தனியாப் பொதிஞ்சு தா, ஆத்துல காட்டணும்.”

“எடுத்துக்கிடுங்க. புழுவுக்குக் காசு வேண்டாம்!”

ஆத்துக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சாட்சியை விசாரித்தார். “உசிரோட இருக்கு. சரி, நறுக்கு” என்று தீர்ப்பானது. புழுவைக் கொல்ல மனசு வரவில்லை. காயோடு கொல்லையில் முருங்கை மரத்தடியில் விட்டேன்.

மறுநாள் ஏழு காயும் சேர்ந்து தாளகம் மணத்தது. நடராஜர் படத்துக்கு முன்னால் வைத்து, ‘அப்பனே, எனக்குத் தெரிந்த மட்டும் பார்த்துவிட்டேன், மிச்சம் உன் பொறுப்பு’ என்று விழுந்து கும்பிட்டேன்.

இலையில் உட்கார்ந்தவர் குழம்பை விரலால் துழாவிக்கொண்டே இருந்தார்.

“என்ன தேடறேள்? புழுவையா?”

“கத்திரிக்காயைடி. எல்லாம் சேனையா வரதே!”