வெறும் வாய் விருந்து

கறிக்கடைக்காரரை மிளகளவு உண்ணி ஒன்று கவிழ்த்துவிட்டது. ஆட்டைத் தடவிப் பார்க்கும்போது ஏறிக் கடித்த உண்ணி. அன்றிலிருந்து ஆட்டுக்கறி தின்றால் சில மணி நேரத்தில் உடம்பெல்லாம் தடித்து மூச்சு முட்டுகிறது. உண்ணிக்கடியால் வந்த ஒவ்வாமை, இனி வாயிலேயே வைக்கக் கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

அதனால் மதியமானால் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, பெஞ்சில் மல்லாந்து கண்ணை மூடிக்கொள்வார். பக்கத்தில் மனைவி தூக்குச்சட்டியைத் திறப்பாள். அவள் கறியைத் தின்று ருசி சொல்ல வேண்டும். அவர் வெறும் வாயை மெல்வார்.

"எப்படி இருக்கு?"

"கறி மாதிரி இருக்கு."

"அவ்வளவுதானா? நல்லா சொல்லேன்டி."

"பஞ்சா வெந்திருக்கு. கொழுப்பு நாக்குல கரையுது. போதுமா?"

மின்விசிறிக் காற்றில் அவர் மெல்ல மிதந்தார். எச்சில் ஊறியது. கடை முழுக்கக் கறி வாசம் என்பதால் மூக்குக்கு எதுவும் தனியாகத் தெரியவில்லை. சொக்கிப்போய் ஒரு கண்ணை லேசாகத் திறந்தார்.

தட்டில் உருளைக்கிழங்கு. அவளும் கறியை விட்டு எத்தனை நாளாயிற்றோ, கள்ளி!

கண்ணை மறுபடி மூடிக்கொண்டார்.

"எலும்பு இருக்கா?"

"ம்... இருக்கு."

"அதை நல்லா உறிஞ்சிட்டு சொல்லு. அவசரமே இல்ல."