ஒரு சாண் ரப்பர் குழாய்

1975ஆம் ஆண்டு ஒக்ரோபர் 16ஆம் திகதி, வியாழக்கிழமை, காலை ஆறு ஐம்பது. இரவு பெய்த மழை விட்டிருந்தது. வெளியே ஒன்பது பாகை, தெற்கிலிருந்து காற்று. மெல்பேர்னின் ஸ்பிரிங்வேலில் நாங்கள் வாங்கி ஏழு மாதமே ஆகியிருந்த வீட்டின் முன்னால், கையில் அளவுநாடாவோடு நின்று, பன்னிரண்டு கூலியாட்களின் வரவை எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீதிக்கு அந்த வருடம்தான் கழிவுநீர்க் குழாய் வந்தது. அதுவரை பின்வளவில் இருந்த மலக்குழிதான். வீதிக் குழாயோடு வீட்டை இணைப்பது வீட்டுக்காரன் செலவு. குழி வெட்டி, குழாய் பதித்து, மண் மூடித் தருவதற்கு ஓர் இத்தாலியர் 410 டொலர் கேட்டார். அப்போது நான் எந்த விலையையும் ரூபாயாக மாற்றாமல் விடமாட்டேன். ஒரு டொலர் ஒன்பது ரூபாய். ஆக 3,690 ரூபாய். இலங்கையில் நீர்ப்பாசனப் பொறியியலாளனாக நான் எடுத்த சம்பளம் மாதம் 1,150. மூன்று மாதச் சம்பளத்துக்கு மேலே இன்னும் 240 ரூபாய். ஒரு வாய்க்காலுக்கு!

அந்த வேலையை நான் அப்போதும் விட்டிருக்கவில்லை. சம்பளமில்லாத லீவில் வந்திருந்தேன். லீவு அந்த மாத முடிவோடு தீர்கிறது. திரும்பி வருகிறேனா, விலகுகிறேனா என்று அதற்குள் அறிவிக்கவேண்டும். ஓய்வூதியத்தோடு கூடிய அரசாங்க உத்தியோகம். மெல்பேர்னில் நான் ஒரு கட்டடக் கம்பனியில் மற்றவர்கள் கணக்குப் போட்டுத் தந்ததைப் படமாகக் கீறிக்கொண்டிருந்தேன். வீட்டையும் வாங்கிவிட்டு இலங்கை வேலையையும் பிடித்துக்கொண்டிருந்தால் எப்படி என்று மனைவி கேட்பாள். எனக்கு நித்திரை வராத ஏழு மாதம் அது. திரும்பிப் போவதென்றுதான் முக்கால்வாசி முடிவெடுத்திருந்தேன். அங்கே நான் வெட்டுவித்த வாய்க்கால்களில் நெல் விளைந்தது. இங்கே நான் கீறியது வாகனத் தரிப்பிடம்.

பன்னிரண்டு பேர் என்பது என் கணக்கு. எழுபது அடி நீளம், இரண்டடி அகலம், சராசரி ஐந்தடி ஆழம்: எழுநூறு கன அடி. ஈரக் களிமண்ணில் ஓர் ஆள் ஒரு நாளைக்கு அறுபது கன அடி வெட்டுவான். எங்கள் திணைக்களத்தில் இந்தக் கணக்கைப் போட்டுத்தான் ஆள் பிடிப்போம். பன்னிரண்டு ஆள், ஒரு நாள். முதல்நாள் இரவே மனைவிக்குச் சொல்லியிருந்தேன்.

"பன்னிரண்டு பேருக்கும் நான் சமைக்கிறதோ?"

"வீட்டில வேலை செய்யிற ஆக்களுக்கு மத்தியானச் சாப்பாடு குடுக்கிறேல்லையோ? நீர் என்ன புதுசாக் கேக்கிறீர்?"

"அவங்கள் எங்கட கறி தின்பாங்களோ தெரியேல்லையே."

"குழி வெட்டினவனுக்குப் பசிக்கும். பசிச்சால் தின்பான்."

ஐந்து மணிக்கே எழும்பி, குசினியில் இருந்த எல்லாச் சட்டிகளையும் அடுப்பில் ஏற்றிவிட்டாள். நான்கு கோழி, எட்டுச் சுண்டு அரிசி, பருப்பு, கோவாச் சுண்டல். பக்கத்து வீட்டில் ஆறு தேநீர்க் கோப்பைகள் இரவல் வாங்கியிருந்தோம்.

ஏழு பத்துக்கு ஒரு லொறி வந்தது. பின்னால் மஞ்சள் நிறத்தில் மண்வெட்டும் மெசின். லொறியிலிருந்து அந்த இத்தாலியர் மட்டும் இறங்கினார். ஐம்பது வயதிருக்கும்; வயிறு கொஞ்சம் முன்னால் தள்ளியிருந்தது. நான் வீதியின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, மற்ற ஆட்கள் எப்போது வருவார்கள் என்று கேட்டேன்.

"மற்ற ஆட்களா?" மெசினின் முதுகில் தட்டினார். "இவன்தான், மேட். சம்பளம் கேட்கமாட்டான். டீசல் மட்டும் குடிப்பான்."

மனைவி கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "இஞ்சாருங்கோ, உங்கட பன்னிரண்டு பேரும் இந்தாளின்ரை வயித்துக்குள்ளையோ இருக்கினம்?"

மனிதர் ஆசனத்தில் ஏறி அமர்ந்து, சிகரெட்டைப் பற்றவைத்து, ஒரு கையால் நெம்புகோலைத் தள்ளினார். இரும்புக் கை நீண்டு, வளைந்து, எங்கள் புல்தரையை ஒரு பாணைப் பிட்டதுபோலப் பிட்டெடுத்தது. மண்ணை ஓரமாக வைத்தது. மறுபடி. அவர் மெல்லப் பாடிக்கொண்டிருந்தார். அளவுநாடாவைப் பிடித்தபடி நான் பக்கத்திலேயே நடந்தேன். எட்டே கால் மணிக்கு முப்பத்தொரு அடி முடிந்திருந்தது. ஐந்து ஆட்களின் முழுநாள் வேலையை, தொப்பி நனையாமல், ஒருவர் உட்கார்ந்துகொண்டே செய்துவிட்டார். கோயிலில் தேர் அசையத் தொடங்கும் கணத்தில் நெஞ்சில் ஏதோ எழுமே, அப்படி ஒன்று எனக்கு.

எட்டு நாற்பதுக்கு 'பட்' என்று ஒரு சத்தம். இரும்புக் கை பாதியில் நின்றது. மூட்டிலிருந்து எண்ணெய் பீறிட்டு அடித்தது. எண்ணெயின் அழுத்தத்தைக் கைக்குக் கொண்டுபோகும் ரப்பர் குழாய் வெடித்துவிட்டது. ஒரு சாண் நீளம்தான் இருக்கும்.

அந்தக் குழாயை எனக்கு நன்றாகத் தெரியும்.

வவுனியாப் பக்கத்தில் ஒரு குளத்துக் கட்டைத் திருத்தும் வேலை என் பொறுப்பில் இருந்தது. எங்களிடமும் இப்படி ஒரு மெசின் இருந்தது. அதில் இதே குழாய் இப்படியே வெடித்தது. கொழும்புக் களஞ்சியத்தில் இல்லை, நாட்டிலேயே இல்லை. வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்க இறக்குமதி அனுமதி வேண்டும், அதற்கு அந்நியச் செலாவணி வேண்டும். ஒரு சாண் ரப்பருக்கு நான் நான்கு தடவை கொழும்புக்குப் போனேன். பதினொரு மாதம் அந்த மெசின் பாலை மரத்தின் கீழ் நின்றது. காவற்காரனின் கோழி அதன் வாளிக்குள் இரண்டு முறை அடைகாத்துக் குஞ்சு பொரித்தது. அந்தப் பதினொரு மாதமும் நூற்று நாற்பது பேர் மண்வெட்டியும் கூடையுமாக அந்தக் கட்டில் வேலை செய்தார்கள். கொழும்பிலிருந்து வந்த பெரிய அதிகாரி ஒருவர் ஜீப்பை விட்டு இறங்காமலே, "இவங்கள் சோம்பேறிகள், அதுதான் முன்னேறேல்லை" என்றார். அவர்களைப்போல வேலை செய்தவர்களை நான் பிறகு எங்கும் கண்டதில்லை.

இத்தாலியர் இறங்கிவந்தார். முகத்தில் கவலையே இல்லை. "ரெலிபோன் இருக்கிறதா?"

ரெலிபோன் வந்து மூன்று கிழமைதான். சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு வந்து, ஒரு நம்பரைச் சுழற்றி, இரண்டு நிமிடம் பேசினார். பிறகு வெளியே மண்குவியலில் அமர்ந்து, மனைவி கொடுத்த தேநீரைக் குடித்தார்.

நான் உள்ளே வந்தேன். "இண்டைக்கு வேலை முடிஞ்சுது. இனி இந்தக் குழி தைப்பொங்கல் வரைக்கும் இப்பிடியேதான் கிடக்கப்போகுது. பிள்ளையள் விழாமல் பலகை போடவேணும்."

"உங்களுக்கு ஆர் சொன்னது?"

"எனக்கு ஒருத்தரும் சொல்லத் தேவையில்லை. இந்தக் குழாயோட பதினொரு மாசம் குடும்பம் நடத்தினவன் நான்."

பலகை எடுக்கப் பின்வளவுக்குப் போனேன். இரண்டு பலகையைத் தூக்கிக்கொண்டு வரும்போது வாசலில் ஒரு வெள்ளை வான் நின்றது. நீலக் காற்சட்டை அணிந்த ஒரு பெண், வாயில் சிகரெட்டோடு, கையில் ஒரு கறுப்புக் குழாயோடு இறங்கினாள். மணி ஒன்பது இருபது. நாற்பது நிமிடம்.

நான் பலகையைக் கீழே வைக்கவும் மறந்து நின்றேன். பிறகு அவளிடம் கேட்டேன், இதை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று.

"கடைத் தட்டிலிருந்து," என்றாள், கேள்வி விளங்காதவளாக.

"எப்போதும் வைத்திருப்பீர்களா?"

"வைக்காமல்? இன்றைக்கு இது மூன்றாவது, லவ். எல்லாருடைய குழாயும் வெடிக்கும்."

வான் போய்விட்டது. எல்லாருடைய குழாயும் வெடிக்கும். அந்த 'எல்லாரும்' எங்களிடம் இல்லை. இலங்கை முழுவதும் எண்ணினாலும் இந்த வகை மெசின் அப்போது நாற்பது தேறுமா என்பது சந்தேகம். எப்போதோ வெடிக்கப்போகும் குழாய்களுக்காக எந்த முதலாளி காசைப் போட்டுத் தட்டில் அடுக்கி வைப்பான்? இங்கே ஆயிரம் மெசின் இருப்பதால் கடை இருக்கிறது. கடை இருப்பதால் இன்னொருவன் துணிந்து மெசின் வாங்குகிறான். வெட்டுபவர் பாடிக்கொண்டு வெட்டுகிறார், எங்கள் கூலியாளைவிடப் பன்னிரண்டு மடங்கு மண்ணை எடுக்கிறார். அவருடைய கூலியில் அந்தக் கடையும், அந்த வீதியும், என் வீட்டு ரெலிபோனும், சிகரெட் பெண்ணும் சேர்ந்திருக்கிறார்கள். எங்கள் நூற்று நாற்பது பேருடைய கூலியில் அவர்களுடைய வியர்வை மட்டும்தான் இருந்தது. அதற்கு எவ்வளவு கொடுக்க முடியும்? ஒரு சாண் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு இதை யோசித்தபோது, வெடித்த பழைய துண்டைத்தான் சொல்கிறேன், எனக்கு மயிர் கூச்செறிந்தது. ஒரு நாட்டின் அளவை அன்றைக்குத்தான் கையில் தூக்கிப் பார்த்தேன்.

இதிலும் எனக்குத் தீராத ஒரு குழப்பம் உண்டு. குளக்கட்டில் கூலியாட்களின் தலைவர் ஒவ்வொரு கிழமையும் கேட்பார்: "ஐயா, மெசின் எப்ப வரும்?" சீக்கிரம் வரும் என்று ஆறுதல் சொல்வேன். ஒருநாள் அவர் சொன்னார்: "ஐயா குறை நினைக்கக்கூடாது. அது வரக்கூடாதெண்டு நாங்கள் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிறனாங்கள்." அவருக்கு என்ன சொல்லியிருக்கவேண்டும் என்று எண்பத்துநான்கு வயதிலும் எனக்குத் தெரியவில்லை.

பதினொன்றரைக்குக் குழி முடிந்து, குழாயும் பதித்தாகிவிட்டது. கழிவுநீர்ப் பகுதிப் பரிசோதகர் வந்து பார்த்துத் தலையசைத்துப் போனார். மத்தியானம் இத்தாலியரைக் கதிரையில் இருத்தி மனைவி சோறு போட்டாள். இரண்டாவது தரம் போட்டபோது அவருக்கு நெற்றி வியர்த்துக் கொட்டியது. அன்று முழுவதும் அவர் வியர்த்தது அப்போது மட்டும்தான்.

"கடவுளே," என்றார், மூக்கைத் துடைத்தபடி. "இதைச் சாப்பிட்டுவிட்டு உங்கள் ஊரில் கையால் குழி வெட்டுகிறார்களா?"

மிச்சத்தில் பாதியை அவருடைய வீட்டுக்குக் கட்டிக் கொடுத்தோம். மீதியை நாங்கள் ஞாயிறுவரை சாப்பிட்டோம்.

நான்கு மணிக்கு மண் மூடி, புல்லையும் திரும்ப வைத்துவிட்டு லொறி போனது. மனைவி வாசற்படியில் வந்து நின்றாள்.

"அப்ப? போறமோ, இருக்கிறமோ?"

"அங்கை போனால் நான் என்ன செய்வன் தெரியுமே? குழாய்க்குக் கொழும்புக்குப் போய்ப்போய் வருவன்."

"அதுக்கும் ஓர் ஆள் வேணுமெல்லே."

"வேணும். ஆனால் எனக்கு அந்த வானைக் கண்டாப்பிறகு ஏலாது."

"பிறகு என்னால எண்டு சொல்லக்கூடாது," என்று சொல்லிவிட்டு, இரவல் கோப்பைகளைக் கழுவப் போனாள்.

அடுத்த திங்கட்கிழமை விலகல் கடிதத்தை அனுப்பினேன். முன்னறிவித்தல் கொடுக்காமல் விலகுவதால் மூன்று மாதச் சம்பளத்தைத் திணைக்களத்துக்குக் கட்டவேண்டும் என்பது விதி. 3,450 ரூபாய். பதினாறு வருட உத்தியோகத்தை விடுவதற்கான விலை, எங்கள் வீட்டு வாய்க்காலின் விலையை எட்டவில்லை. வங்கியில் டொலர் ஒன்பது ரூபாயாகவே இருந்தது: 383 டொலர் 33 சதம். வங்கித் தரகு இரண்டு டொலர். மொத்தம் 385 டொலர் 33 சதம்.