மாட்டுங்காவிலிருந்து போன வெள்ளைச் செம்பு

வீட்டுக்குப் புது வயரிங் செய்த எலக்ட்ரீஷியன், பழைய வயர் மூன்று கிலோவை என்னிடமே விட்டுவிட்டுப் போனார். மும்பையில் எந்த எலக்ட்ரீஷியனும் செம்பை விட்டுப் போவதில்லை. நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அவருடைய நேர்மையை மெச்சி டீ வாங்கிக் கொடுத்தேன்.

செம்பு மறுசுழற்சி பற்றிய கருத்தரங்குகள் இரண்டில் மதிய உணவு சாப்பிட்டிருக்கிறேன். செம்பை மட்டும் அங்கே காட்டவில்லை. எனவே போன சனிக்கிழமை அந்த வயரைப் பையில் போட்டுக்கொண்டு காலை 9.10க்கு மாட்டுங்காவில் ரயில் ஏறி, ஐந்து ரூபாய் டிக்கெட்டில் அடுத்த நிலையமான சயானில் இறங்கினேன். அங்கிருந்து தாராவிக்குள் இருபது நிமிட நடை.

பேச்சியம்மாளின் பட்டறை பத்துக்குப் பன்னிரண்டு அடி. முன்பு பழைய கேபிளை டிரம்மில் போட்டு எரித்துச் செம்பு எடுத்தவர். புகையில் கணவரின் மூச்சு கெட்டதும், கேபிளின் தோலை உரிக்கும் மிஷின் வாங்கினார். எரிக்காத, பளபளப்பான செம்பை மட்டும் எடுக்கும் செம்பூர்ப் பட்டறையின் ஆள் அன்று பன்னிரண்டு மணிக்கு முதல் மூட்டையைப் பார்க்க வருகிறார். பிடித்தால் வாராவாரம் வாங்குவார்கள். பிடிக்காவிட்டால் மறுபடி நெருப்புதான். கரிந்த டிரம் மூலையில் முடிவுக்காகக் காத்திருந்தது.

மிஷினுக்கு அடியில் சக்கரங்கள். எதற்கு என்றேன்.

"கடைய இடிச்சா மிஷின் உருண்டு வரும்லா, அண்ணாச்சி."

தாராவியின் எதிர்காலம் குறித்து நான் கேட்ட திட்டங்களில் இதுதான் தெளிவானது.

எந்த வயர் வந்தாலும் முனையை நறுக்கி உள்ளே பார்த்த பிறகே சேர்ப்பது அங்கே வழக்கம். என்னுடையதை மட்டும் சுடலை நறுக்கவில்லை. ஐம்பது வயதுத் தொழிலாளி அவர்; விருந்தாளி கொண்டுவந்ததைச் சோதிப்பது மரியாதையில்லை என்று எண்ணுபவர். உரித்து, எடை போட்டு (ஒன்றே முக்கால் கிலோ), மூட்டையில் கலந்துவிட்டார்.

செம்பூர்க்காரர் மூட்டைக்குள் கைவிட்டு ஒரு கம்பியை எடுத்து நறுக்கினார். நடுவில் வெள்ளை. செம்பு பூசிய அலுமினியம். உலையில் சேர்ந்தால் எல்லாச் செம்பும் கெடும். நான்கு மணிக்கு வண்டி இந்த வழியாகத்தான் திரும்பும், அதுவரை நேரம் என்று இந்தியில் சொல்லிவிட்டுப் போனார்.

சுடலை என்னைப் பார்த்தார். "மாட்டுங்காவுல வயர் விக்கவன் நம்மளவிடப் பெரிய கள்ளனா இருப்பான் போலுக்கே, அண்ணாச்சி."

பேச்சியம்மாள் மூட்டையைத் தரையில் கவிழ்த்தார். "பேச்சு பெறவு. அண்ணாச்சிக்கும் ஒரு கட்டிங் பிளேயர் குடு."

கம்பி கம்பியாக நறுக்கிப் பார்த்தோம். வெள்ளைக் குவியல் தராசில் ஒன்றே முக்கால் கிலோ காட்டும்வரை அந்த அம்மாள் யாரையும் எழவிடவில்லை. எனக்கு இரண்டு கொப்புளங்கள், நியாயமான கூலி.

நான்கு மணிக்கு வந்தவர் ஏழு கம்பிகளை நறுக்கினார். ஏழும் சிவப்பு. அடுத்த சனிக்கிழமையும் வருவதாகச் சொல்லி மூட்டையை ஏற்றிக்கொண்டார்.

பேச்சியம்மாள் டிரம்மை இரும்புக் கடையில் போடச் சொன்னார். அவசரத்துக்கு இருக்கட்டுமே என்றார் சுடலை.

"அவசரம்னு வந்தா எரிச்சிருவோம். அதான் இருக்கப்படாது."

போக விரும்புவோர் மூடிய செருப்பு அணியுங்கள். கேட்காமல் படம் எடுக்காதீர்கள். வயர் கொண்டுபோனால் வீட்டிலேயே நறுக்கிப் பாருங்கள். டிரம்மைப் பார்க்க முடியாது. அது அன்றே இரும்பாகிவிட்டது.