சிரிப்புக்கு இடம்விட்டுப் பாடியவர்

உத்தமபாளையம் கோர்ட்டு வாசலில் கரி வாயுவில் ஓடும் பஸ்ஸை நிறுத்தி, கண்டக்டர் என்னைத் தேடி உள்ளே வந்தார். "வக்கீலய்யா, நம்ம காசிம் அண்ணன் மௌத்தாயிட்டாக. நேத்துச் சாயந்தரம் உசிரு போச்சு" என்றார். பயணிகள் ஒருவரும் அவரை அவசரப்படுத்தவில்லை.

கம்பத்தில் பஸ் ஏஜெண்டாக இருந்த காசிம் ராவுத்தரை நீங்கள் அறிவீர்கள். பஸ் தாமதமாகும் போதெல்லாம் காத்திருப்போருக்குப் பாட்டுக் கட்டிப் பாடுவார். கிராப்புத் தலை, ஓட்டல் காப்பி, டாக்கிப் படம் பார்த்துவிட்டு வந்து மனைவியைக் கதாநாயகியின் பெயரால் அழைத்தவர் என எதையும் விட்டதில்லை. நான் வீடு கட்டிய ஆண்டில், "கேசு எப்போ முடியும் சாமி?" என்று பாடி நிறுத்துவார். "வக்கீல் வீடு முடியட்டும்!" என்று கூட்டம் கத்தும். பஸ்ஸுக்கு நின்ற நானும் சிரித்தேன்.

அந்தப் பாட்டுகளில் ஆறைக் கிராமபோன் தட்டாக்க ஒரு கம்பெனி அவரைச் சென்னைக்கு அழைத்தது. நானும் உடன் சென்றேன். ஒவ்வோர் அடிக்கும் பின் பாட்டை நிறுத்திச் சும்மா நின்றார்.

"மெழுகு வீணாகிறது. நிறுத்தாமல் பாடும்!" என்றார் பதிவு செய்தவர்.

"ஆளுக சிரிப்பாகள்ல ஐயா, அதுக்கு எடம் விட வேணாமா?"

"இங்கே யார் இருக்கிறார்கள்?"

"இங்கன இல்ல. தட்டு போற எடத்துல இருப்பாக."

பட்டம் பெற்ற எனக்கு அது பஸ் ஸ்டாண்டுப் பழக்கத்தால் நேர்ந்த பிழையாகவே பட்டது. பக்கத்துக்கு ஒரு பாட்டாக மூன்று தட்டுகளும் அவர் பாடியபடியே வெளிவந்தன.

கூடலூர்க் காப்பிக் கடையில் முதல் தட்டு சுழன்றபோது, ஏலக்காய்த் தோட்டத்துக்கு மலையேறப் புறப்பட்டவர்கள் நின்று கேட்டார்கள். இடைவெளி வந்தது, கடையே சிரித்தது, கடைசிச் சிரிப்பு அடங்கிய கணத்தில் அடுத்த அடி எழுந்தது. ஒரு சொல்கூட வீணாகவில்லை. "ஏலே, நாம சிரிச்சு முடிச்சது பெட்டிக்குள்ள இருக்குற மனுசனுக்கு எப்படிறா தெரியுது?" என்றாள் ஒருத்தி. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த இயந்திரத்தை எங்களில் புரிந்துகொண்டவர் அவர் ஒருவரே.

பாட்டு நடுநடுவே நிற்கிறது, தட்டில் பழுது என்று கம்பெனிக்கு எழுதியவர்கள் நம்மூர்க் கனவான்கள். மறு ஆண்டே ஒரு நாடகப் பாடகர் அந்தக் கம்பெனிக்கே அதே ஆறையும் பாடினார். இடைவெளிகளை ஆர்மோனியம் அடைத்தது. காசிமின் பெயர் எங்கும் அச்சாகவில்லை. வழக்குப் போட ஒப்பந்தத்தை எடுத்தேன். பாட்டுகளை வேறு யாரையும் பாடவைக்கவும் அவர் பெயரை விட்டுவிடவும் கம்பெனிக்கு இடம் கொடுத்த வாசகம் அதில் இருந்தது. அன்று அதைப் படித்துவிட்டு, கையெழுத்திடலாம் என்று சொன்னவன் நான்.

"விடுங்க வக்கீலய்யா. ஆர்மோனியம் நல்லாத்தான் வாசிக்கிறான். அதுக்குச் சிரிக்கத்தான் தெரியல" என்றார் காசிம். பிறகு எந்தக் கம்பெனிக்கும் அவர் பாடவில்லை.

ஞாயிறன்று நடந்த இரங்கல் கூட்டத்தில் அதே கனவான்கள் மேடையில் வீற்றிருந்தார்கள். "அன்னாரின் குரலைக் கேட்போம்" என்று அறிவித்து, நாடகப் பாடகரின் தட்டை வைத்தார்கள்.

"இது அண்ணன் கொரலு இல்லய்யா!" என்று தரையில் இருந்த ஒரு சுமைகூலி எழுந்தார்.

நான் மேடையேறி, கையோடு கொண்டுவந்திருந்த காசிமின் தட்டை மாற்றி வைத்தேன். காசிம் ஓர் அடி பாடி நிறுத்தினார். தட்டு கெட்டுவிட்டதென்று தலைவர் முள்ளைத் தூக்க வந்தார். அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். "கையை எடுங்கள். அவர் இன்னும் முடிக்கவில்லை." அதற்குள் தரையிலிருந்து சிரிப்பு எழுந்தது, அழுகையோடு. அது அடங்கும்வரை காத்திருந்து, இறந்தவர் மேலே பாடினார்.

எதிரில் இல்லாத மனிதர்கள் வருவார்கள் என்று வெற்றறையில் நின்று காத்திருந்தாரே, அந்தத் துணிவையே அவரிடமிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன். பழுது என்று எழுதியவர்களின் பெயர்களையும் வைத்திருக்கிறேன். அவற்றுக்குக் கீழே என் பெயரையும் எழுதியிருக்கிறேன்.