முவாணிக்கு விழுந்த பூஜ்யம்

சியோம்புவா கையெழுத்துப் போட மாட்டேன் என்றாள். கிட்டுயி மாவட்ட நீர்வள அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடம் குப்பை கொட்டியவள். புதிதாக வந்த தலைமை இன்ஜினியர் முத்தெங்கி, அவள் வாங்காத பேனாவை மேசைமேல் வைத்துவிட்டார்.

"மூணு பேர் போட்டாச்சுக்கா. நீங்கதான் பாக்கி. மழைக்குள்ள வேலைய ஆரம்பிக்கணும்."

"என் பேர் இல்லாம ஆரம்பிங்க."

நான்கு கையெழுத்தும் இல்லாமல் காகிதம் நகராது என்று இருவருக்கும் தெரியும்.

அந்த வருடம் ஒரே ஒரு மணல் அணைக்குத்தான், அதாவது ஆற்றின் குறுக்கே பாறைமேல் சுவர் எழுப்பி, தேங்கும் மணலுக்குள் நீரைச் சேமிக்கும் அணைக்குத்தான், சிமென்ட் வந்திருந்தது. அதைக் கியோனி ஆற்றில் இக்காவா ஊரருகே கட்டுவதா, முவாணியில் கட்டுவதா? முத்தெங்கி அட்டவணை போட்டிருந்தார். பாறையின் ஆழம், கரையின் உறுதி, மணலின் பருமன், வீடுகளின் தூரம் என அளந்தவற்றுக்குப் பாதி மதிப்பெண்; அதில் பெரும்பங்கு பாறை ஆழத்துக்கு. கையெழுத்துப் போடும் நான்கு பேரும் ஆற்றைப் பார்த்துச் சொன்ன கணிப்புக்கு மறு பாதி. இக்காவா எழுபத்தொன்று, முவாணி நாற்பத்தெட்டு.

அட்டவணைமேல் அவளுக்குப் பகை இல்லை. பகைக்க அவளுக்கு யோக்கியதையும் கிடையாது. பதினோரு வருடத்துக்கு முன் நெசோனியில் "என் கண்ணு தப்பாது" என்று மார்தட்டி, அடியில் பாறை இருக்கிறதா என்று கம்பி இறக்கிப் பார்க்காமலே இடம் குறித்தவள் அவள். முவேத்யா என்ற ஊர்க் கூட்டுழைப்புக் குழுவின் பெண்கள் எழுபது பேர் கூலியில்லாமல் ஐந்து மாதம் கல் சுமந்து கட்டிய அணை, முதல் மழையில் நிறைந்து மூன்றாம் வாரமே அடியில் ஒழுகி வற்றியது. இன்றைக்கும் ஊரில் அதற்குச் 'சியோம்புவா சல்லடை' என்றுதான் பெயர். சந்தையில் யாராவது சல்லடைக்கு விலை கேட்டால்கூட அவளுக்குக் காது சுடும். இன்னொரு எழுபது பேரின் முதுகை அப்படி வீணாக்க அவள் தயாராக இல்லை.

"முவாணியில பாறை ஆழத்துக்கு எப்படிப் பூஜ்யம் வந்துச்சு?"

"கணக்கு அப்படிச் சொல்லுது."

"கணக்கு இருக்கட்டும். அளந்த காகிதத்தக் கொண்டாங்க."

காகிதத்தில் அந்தக் கட்டம் வெறுமையாக இருந்தது. வெறுமையைக் கம்ப்யூட்டர் பூஜ்யமாக்கிவிட்டது. ஏன் வெறுமை என்று சியோம்புவாவுக்கு உடனே புரிந்தது. முவாணியில் ஆற்று மணல் முழுக்க ஊர்க்காரர்கள் குடிநீருக்குத் தோண்டி முள்வேலி போட்ட ஊற்றுகள். அடுத்தவர் ஊற்றுக்குள் கம்பியை இறக்க இந்தப் பக்கத்துக் கம்பா இனத்தவர் யாருக்கும் கை வராது. அளக்கப் போனவர்கள் மரியாதையாக ஒதுங்கிப் போயிருக்கிறார்கள். இக்காவாவில் ஊற்றுகள் ஜூலையிலேயே வற்றிப்போனதால் வேலி இல்லை, இஷ்டத்துக்கு அளந்திருக்கிறார்கள்.

"தண்ணி இருக்கறதால வேலி. வேலி இருக்கறதால அளக்கல. அளக்காததால பூஜ்யம். என்ன அழகு, இன்ஜினியரே!"

முத்தெங்கி அட்டவணையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "சரி, முவாணிக்கு நீங்க போட்ட கணிப்ப ஒன்பதுலேர்ந்து பத்தாக்கிக்கோங்க. போதுமா?"

"என் கணிப்புக்கு ஊருல என்ன பேருன்னு தெரியுமா? வாங்க, அளப்போம்."

மறுநாள் காலை முவாணியில் ஊற்றோரம் கழுதைகளோடு உட்கார்ந்திருந்தாள் கவாத்தா. அங்குள்ள முவேத்யாவின் தலைவி. நாக்கில் நெருப்பு.

"ஏய் சல்லடை! இங்கயும் ஓட்ட போட வந்துட்டியா?"

"ஆமா. ஒன்பது ஓட்ட. நீ விட்டாத்தான்."

கவாத்தா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு முள்ளை இழுத்துப் போட்டாள். "கலக்குனா நீதான் எறச்சுத் தெளிய வைக்கணும்."

சம்மட்டியைச் சியோம்புவாவே எடுத்தாள். எட்டு இடத்தில் இரண்டு மீட்டருக்குள் கம்பி 'ணங்' என்று பாறையைத் தொட்டது. ஒன்பதாவது, இடது கரையோரம். நான்கு மீட்டர் கம்பியும் சத்தமில்லாமல் உள்ளே போனது. அங்கே பாறை தட்டவில்லை; தண்ணீர் ஒழுக அதுதான் வழி.

கவாத்தா குரலைத் தாழ்த்தினாள். "அத விட்டுடு தாயி. எட்டு போதும்ல?"

"ஒன்பதையும் எழுதுங்க, இன்ஜினியரே. என் மார்க்க ஆறாக்குங்க. இடது கரையத் தோண்டி அடைக்கணும்னும் எழுதுங்க. இக்காவா ஊத்து ஜூலையிலயே வத்துனதையும் சேருங்க, அதுவும் அளவுதான்." அவள் பேனாவைப் பிடுங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

"இன்னும் கூட்டவே இல்லையேக்கா! இக்காவாவே வந்துட்டா?"

"வரட்டும். அளக்காததுக்குத்தான் போட மாட்டேன்னேன்."

முத்தெங்கி ஜீப்பின் முன்மூடிமேல் காகிதத்தை வைத்து இரண்டு தடவை கூட்டினார். முவாணி அறுபத்தேழு. இக்காவா அறுபத்துநான்கு.

"மூணே மார்க்குதானா?" என்றாள் கவாத்தா. "நாளைக்கு இதுவும் ஒழுகுனா?"

சியோம்புவா வாளியை எடுத்துக்கொண்டு கலங்கிய ஊற்றின் முன் மண்டியிட்டாள்.

"ஒழுகுனா இதுக்கும் என் பேரையே வை" என்று சொல்லிவிட்டு இறைக்க ஆரம்பித்தாள்.