முடிவைச் சொன்ன குற்றம்

எங்கள் ஓய்வறைச் சுவரில், ட்யூட்டி ரோஸ்டருக்குப் பக்கத்தில், ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. பார்க்கத் தகுந்த தொலைக்காட்சித் தொடர்களை யார் வேண்டுமானாலும் அதில் எழுதலாம், நட்சத்திரம் போடலாம். இங்கிலாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலைக்கு வந்த முதல் வாரம், இது நான் படித்துப் பாஸாக வேண்டிய பாடமாக்கும் என்று பயந்துவிட்டேன். அப்படியொன்றும் வீண் பயம் இல்லை என்பது போகப் போகத்தான் தெரிந்தது.

புதிதாக வருகிறவர்களுக்கு ஆறு மாதம் தகுதிகாண் காலம். அது முடியும்போது மேற்பார்வையாளர் டெபி ஓர் அறிக்கை எழுதுவாள். அது சரியில்லை என்றால் வேலை போகும், வேலை போனால் விசாவும் போகும். அந்த டெபிதான் தாளில் ஒரு துப்பறியும் தொடரைக் காட்டி, "எட்டே பாகம், கட்டாயம் பார்" என்றாள். மேலாள் சொல்லித் தட்ட முடியுமா? லீவு நாளில் சமைக்காமல், பாண் ரொட்டியைக் கடித்துக்கொண்டு எட்டையும் பார்த்து முடித்தேன். டெபி அப்போது ஐந்தாவதில் நின்றிருந்தாள். அவளுடைய தாயார் விழுந்து ஆஸ்பத்திரியில் இருந்ததால் பத்து நாளாய் டிவி பக்கமே போகவில்லை.

அவள் வேலைக்குத் திரும்பிய அன்று முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "கவலைப்படாதே டெபி, நான் முழுவதும் பார்த்துவிட்டேன். கொன்றது அந்தத் தம்பிதான்" என்றேன்.

இலங்கையில் எங்கள் ஊரான உக்குவளையில் அதுதான் மரியாதை. கரண்ட் வெட்டு இருந்த நாட்களில், எங்கள் பக்கம் இருட்டாகக் கிடக்கும்போது பக்கத்து ஊர் பலாபத்வலையில் கரண்ட் இருக்கும். அங்கே இருந்த சித்தி, டிவி நாடகம் முடிந்த கையோடு போன் எடுப்பா. அம்மா ஸ்பீக்கரில் போடுவா. பக்கத்து வீட்டு ஃபரீதா ராத்தா மெழுகுவர்த்தியும் கையுமாக ஓடி வருவா. சித்தி ஹலோகூடச் சொல்ல மாட்டா. "அக்கா, அந்தப் புள்ள உசிரோட இருக்காம்!" என்பதுதான் முதல் பேச்சு. முடிவு முதலில், விவரம் பிறகு. எந்த நாடகம் நல்லது என்பதற்கும் எங்களிடம் ஒரு கணக்கு இருந்தது. முடிவு தெரிந்த பிறகும், மறுநாள் மறுஒளிபரப்புக்கு அம்மா அடுப்பிலிருந்து சட்டியை இறக்கி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தா என்றால் அது நல்ல நாடகம். நட்சத்திரமெல்லாம் யாரும் போடவில்லை.

டெபியின் முகம் வெளிறிப்போயிற்று.

"ஏன் சொன்னாய்?"

"நீ பார்க்கவில்லையே, அதனால்தான்."

"பார்க்காததால்தான் சொல்லியிருக்கக் கூடாது! ஆஸ்பத்திரி நாற்காலியில் பத்து நாளும் நான் ஆசையாக நினைத்துக்கொண்டிருந்தது அது ஒன்றைத்தான்."

தேத்தண்ணியைத் தொடாமலே எழுந்து போய்விட்டாள். இப்படிச் சொல்வதற்கு இங்கே 'ஸ்பொய்லர்' என்று பெயராம். ஐயோ, நல்லது செய்யப் போய் என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேனே! அறிக்கைக்கு இன்னும் நான்கு நாள்தான் இருந்தது.  படுக்கை விரிக்கும்போதும், மாத்திரை எடுத்துக் கொடுக்கும்போதும் டெபியின் காலடிச் சத்தம் கேட்டாலே நிமிராமல் வேலையில் குனிந்துகொண்டேன். ஒரு நாடகக் கதைக்காக விசா போன ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன் என்று நினைத்தேன். அம்மாவிடம் மூச்சு விடவில்லை.

வெள்ளிக்கிழமை டெபி கூப்பிட்டாள். கையெழுத்துப் போட்டிருந்தாள். "நல்ல வேலைக்காரி நீ. ஆனால் எனக்கு இனிமேல் கதை மட்டும் சொல்லாதே" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றிலிருந்து எவர் என்ன தொடரைப் பற்றிக் கேட்டாலும் "நன்றாக இருக்கிறது, பாருங்கள்" என்பதோடு வாயை மூடிக்கொள்வேன். அந்தப் பயம் இன்னும் முழுதாய் விடவில்லை.

போன மாதம் அம்மாவுக்குக் கண் ஒபரேஷன். கொஞ்ச நாளைக்கு டிவி பார்க்கக் கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை போனில் வந்தா.

"நம்ம நாடகத்துல இன்னைக்குக் கல்யாணமாமே? அந்த மாப்பிள்ளப் பையன் வந்தானா? நீ போன்ல பாத்திருப்ப. சொல்லு புள்ள."

பார்த்துத்தான் இருந்தேன். ஆனால் டெபியின் நினைவு வந்தது. "கண்ணு சரியானதும் நீங்களே பாருங்கம்மா. இப்பச் சொன்னா கெட்டுப்போயிரும்."

"ஏன், நான் என்ன வேத்தாளா?" என்றா. லைன் கட்டாகிவிட்டது.

திருப்பி எடுத்தேன், அம்மா எடுக்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. பஸ் நிறுத்தத்தில் நின்றபடியே கதை முழுவதையும் வாய்ஸ் மெசேஜில் சொல்லி அனுப்பினேன். மண்டபம், மேளம், பொண்ணோட அழுகை, மாமியாரின் பேச்சு என்று ஒன்றையும் விடவில்லை.

மறுநாள் காலையில் அம்மாவின் குரல் வந்திருந்தது. கோபம் தணிந்திருந்தது. "பன்னெண்டு நிமிஷம் பேசியிருக்க. எல்லாம் நல்லாச் சொன்ன. ஆனா அவன் வந்தானா இல்லையா, அதச் சொல்லலியே புள்ள?"

நான் அனுப்பியதைப் போட்டுக் கேட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை, சத்தியமாக. ஆனால் கடைசியில் என் குரல் மண்டப வாசல் வரைக்கும் போய், "அப்புறம்..." என்று இழுத்து, "சரிம்மா, பஸ் வருது" என்று நின்றுவிட்டிருந்தது.